ஆறாவது அறை

ட்வைலா தரவேண்டியது முந்நூற்று நாற்பது டாலர். மாதம் இருபதாகக் கட்டிக் கட்டி, மிச்சம் இருபதில் வந்து நின்றது. கடன் அவள் வாங்கியதல்ல. வண்டியின் கியர் பெட்டி உடைந்தபோது அவள் கணவன் லைல் வாங்கியது. ஈடாகத் தன் பெரிய ரிவால்வரைக் கடன் கொடுத்த ஓரினிடம் வைத்துவிட்டு, அந்தப் பனிக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். கடனை விட்டுவிடுகிறேன் என்று ஓரின் சொன்னதற்கு, பிச்சை கேட்டு வரவில்லை என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் மாதாமாதம் முதல் சனிக்கிழமை காலை, இருபது டாலரும் கண்ணாடித் தட்டில் ஆப்பிள் கேக்குமாக அவன் கொட்டகைக்கு வருவாள். போகும்போது போன மாதத்துத் தட்டை எடுத்துக்கொள்வாள்.

அவள் இருப்பது ஓடைக்கரையில், தனியாக. துப்பாக்கி அவளுக்கு வேண்டும். அதற்குப் பொருந்தும் குண்டை வார்த்துத் தந்ததும் எடுத்துக்கொள், கடன் முடியும்வரை காத்திருக்காதே என்று அவனே சொல்லியிருந்தான்.

லைல் இருபது வருஷம் அந்தத் துப்பாக்கியைத் திட்டித் தீர்த்தவன். பத்தடியில் இருக்கும் டப்பாவைக்கூட அடிக்காது என்பான். தப்பு துப்பாக்கியில் இல்லை. வீட்டில் வார்த்த ஈயக் குண்டுகளை அவன் குழலின் அளவுக்கே ஒடுக்கினான். குண்டு முதலில் தாண்டவேண்டியது தோட்டா நிரப்பும் உருளையின் ஆறு அறைகளை என்பதை மறந்துவிட்டான். அறைக்குள் தொளதொளவென்று இருந்த குண்டு குழலுக்குள் கோணலாக நுழைந்து, போகிற வழியெல்லாம் ஈயத்தை அப்பிவைத்தது. ஓரின் குண்டு வார்க்கும் அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவே மெல்லிய அலுமினிய நாடாவை ஒட்டினான். குண்டு ஒரு மயிரிழை பருத்து விழுந்தது. உருளையைக் கழற்றி, ஒவ்வோர் அறையின் முன்வாயிலும் குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். தானாக விழக்கூடாது, சுத்தியலும் கேட்கக்கூடாது. அழுத்தினால் மனசில்லாமல் போகவேண்டும். ஆறிலும் அப்படித்தான் போனது. அப்போது ஈஸ்டர் சமயம்.

ஆனால் ஆறாவது அறை மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை என்று அவளிடம் சொன்னான். மே மாதம் சொன்னான், ஜூனில் சொன்னான். இலை பழுக்கும்வரை சொன்னான். அவள் முக்காலியில் உட்கார்ந்து, அவன் ஈயம் உருக்குவதைப் பார்த்தபடி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். முப்பது வருஷம் மர ஆலையில் பலகை அடுக்கி காய்த்துப்போன அவன் கைகள் அந்த அரைமணி நேரம் மட்டும் வலிக்காது. அவள் போனபிறகு அந்த முக்காலியில் அவன் உட்காரமாட்டான்.

அக்டோபர் சனிக்கிழமை, தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "செவ்வாக்கிழமை கரடி வந்துச்சு. கூட்டுக் கதவப் பிச்சு எறிஞ்சிட்டு ரெண்டு கோழியத் தூக்கிட்டுப் போயிருச்சு. நான் வாணலியக் கையில பிடிச்சிட்டு வாசல்ல நின்னேன். என்ன சமைக்கப்போறேன்னு நெனச்சிருக்கும்."

ஓரினுக்குச் சிரிப்பு வரவில்லை. வாணலியும் கையுமாக அவள் நின்ற வாசல் கண்முன் வந்தது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தான். ரிவால்வரையும், நிரப்பி முடித்த ஐம்பது தோட்டாக்கள் இருந்த பெட்டியையும் அவள்முன் வைத்தான். பெட்டியின்மேல் தூசி படிந்திருந்தது.

"ஆறும் சரியாத்தான் இருக்கு, ட்வைலா. ஏப்ரல்லயே சரியாயிருச்சு."

அவள் தூசியைப் பார்த்தாள். உருளையைக் கழற்றித் தரச் சொன்னாள். மேசையில் கிடந்த ஒரு குண்டை எடுத்து, ஆறாவது அறையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது மெதுவாக நகர்ந்து, மறுபக்கம் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"யோவ், அரை வருஷமா ஒரு ஓட்டையையா பாத்துக்கிட்டிருந்த?"

"ஓட்டைய இல்ல," என்றான் ஓரின்.

 பையிலிருந்து இருபது டாலரை எடுத்து, மடிப்பை விரலால் நீவி மேசைமேல் வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளும் கணக்கு முடிந்தது என்று சொல்லவில்லை. உருளையை மாட்டியதும் துப்பாக்கியையும் பெட்டியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். வண்டி ஓடைப்பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

உருக்குச் சட்டியில் ஈயத்தின்மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. நோட்டை எடுக்கப் போனவன் கையை நிறுத்தினான். கேக் இருந்த தட்டுக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்துக் காலையிலேயே அவன் எடுத்துவைத்திருந்த போன மாதத்துத் தட்டு அப்படியே இருந்தது.