பஞ்சு பட்ட இடம்

வலிக்கென்று தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டரின் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, உட்கார்ந்தால் துணி உரசும் என்று நின்றுகொண்டே இருந்த என் அக்கா, அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமா (அவள் புருஷன்), பிறகு நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா கிடப்பவன் என்பதால் துணைக்கு இழுத்து வரப்பட்ட நான்.

டாக்டரம்மா ஒரு பஞ்சை எடுத்து அக்காவின் முழங்கையில் மெல்ல இழுத்தார். அக்கா வெடுக்கென்று கையை உதறினாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அக்கா தையல்காரி. ஊசி விரலில் ஏறினால் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த தையலைப் போடுகிறவள். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வாடிக்கையாளர்களை வம்புக்கு இழுப்பவள். அவளை ஒரு துண்டுப் பஞ்சு அழவைத்துவிட்டது.

ஆபரேஷன் நடந்தது முதுகில். நரம்பை அழுத்திக்கொண்டிருந்த ஜவ்வை எடுத்தார்கள். தையலும் பிரித்தாயிற்று, ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை முதலில் நன்றாகத்தான் கேட்டது. பிறகு வலி திரும்பியது. மாத்திரையைக் கூட்டினார்கள். வலியும் கூடியது. முதுகில் இருந்தது தொடைக்கு இறங்கி, தோளுக்கு ஏறி, கடைசியில் சீப்பு பட்டால் தலை எரிகிறது என்ற நிலைக்கு வந்துவிட்டது. கத்தி படாத இடமெல்லாம் வலித்தது. வீட்டில் ஃபேன் போடுவதில்லை. தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிவிட்டோம். அக்கம்பக்கத்தில் அவள் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாள் என்று பேச்சு. பேசட்டும். எனக்கிருந்த பயம் வேறு. இந்த மாத்திரைக்கும் மேலே கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"காயம் ஆறிடுச்சும்மா," என்றார் டாக்டரம்மா. "இப்ப வலிக்கிறது காயம் இல்ல. இந்த மருந்து சில பேருக்கு நாளாக நாளாக நரம்பையே கூர்மையாக்கிடும். வலிக்குதுன்னு மாத்திரையக் கூட்டக் கூட்ட வலிதான் கூடும். ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். குறைக்கிறப்ப ஆரம்பத்துல இதைவிட மோசமா இருக்கலாம்."

"இதைவிடவா?" என்றாள் அக்கா.

மாமா லிஃப்ட் மெக்கானிக். எதையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால்தான் அவருக்கு விளங்கும். "அளவுக்கு மேல ஆள் ஏறினா கத்துற ஓவர்லோடு சென்சார் கெட்டுப்போனா ஒரே ஒரு ஆள் ஏறினாலும் கத்தும். அது மாதிரியா டாக்டர்?"

"கிட்டத்தட்ட அதேதான்."

"தெரியாத ஆளுங்க வயரைப் புடுங்கி சத்தத்தை மட்டும் அடக்குவாங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. மாத்திரை யார் பொறுப்பில் இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டபோது, பாடம் படிக்காமல் வந்த பையனைப் போல அரைக் கையைத் தூக்கினார்.

ஏன் வெளுத்தார் என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. டாக்ஸியின் குலுக்கலில் அக்கா துவண்டுபோயிருந்தாள். கட்டிலின் ஓரத்தில் குந்திக்கொண்டு, "என்னங்க, ஒண்ணே ஒண்ணு," என்றாள். அது அவள் குரலே இல்லை. கடைக்காரனிடம் கெஞ்சுகிற யாரோ ஒருத்தியின் குரல். மாமா என்னைப் பார்க்காமல் எழுந்துபோய் டூல்ஸ் பையைத் திறந்தார். டெஸ்டர் வைக்கிற உறையிலிருந்து ஒரு அட்டை மாத்திரை வந்தது. பாதி உடைத்தவை, முழுசு, எல்லாம் இருந்தன.

"மாமா, இது என்ன?"

"ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரில குடுத்த மிச்சம்."

"நடுவுல நடுவுல குடுத்துட்டு இருந்தீங்களா? டாக்டர்ட்ட ஏன் சொல்லல?"

"அவ துடிக்கிறாடா. நீ அந்த ரூம்ல படுத்துப் பாரு, தெரியும்."

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எத்தனை மாத்திரை என்று கேட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு, இதையும் சேர்த்தால் அளவு வேறு, இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் தூக்கத்தில் மூச்சே நின்றிருக்கலாம் என்றார். புது அளவைச் சொன்னார். மிச்ச மாத்திரைகளை இன்றே ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அக்காதான் முதலில் பேசினாள். குரல் பழையபடி வந்திருந்தது.

"நான் கேட்டு இவரு இதுவரைக்கும் இல்லன்னு சொன்னதே கிடையாது. அது அப்பல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." என் பக்கம் திரும்பினாள். "நீ குடுக்க மாட்ட. சின்ன வயசுலயே ஒரு மிட்டாய கடிச்சுக்கூடக் குடுக்காத பய நீ. மாத்திரைய நீ வெச்சுக்கோ."

"சரிக்கா."

"என்னங்க, நீங்க கொஞ்ச நாள் வேலை நடக்குற சைட்லயே தங்கிக்கங்க."

"இந்த நேரத்துல என்னப் போகச் சொல்றியா?"

"நீங்க இருந்தா நான் கேப்பேன். இப்பவே கேக்கணும்போலதான் இருக்கு."

மாமா புது அளவின்படி எண்ணி ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். மிச்சத்தை ஆஸ்பத்திரியில் கொடுக்க ஒரு கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு சட்டையையும் டூல்ஸ் பையையும் எடுத்துக்கொண்டார். என் கையிலிருந்த டப்பா லேசாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்னது தப்பாக இருந்தால்? சரியாகவே இருந்து, இவள் தாங்காவிட்டால்? நான் மிட்டாய் கொடுக்காதவன்தான். கெஞ்சுகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவனா என்று எனக்குத் தெரியாது.

வாசலில் மாமா அவள் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. "வரேம்மா," என்று வெளியே இறங்கினார்.

கதவை அக்காவே சாத்தினாள். நான் போடுகிறேன் என்று கையை நீட்டியும் விடவில்லை. இரும்புத் தாழ்ப்பாள் விரலில் பட்டதும் பல்லைக் கடித்தாள். பிடியை விடாமலே அதைத் தள்ளினாள். பிறகு சாவியைப் போட்டுத் திருப்பினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மாமா இன்னும் அங்கேயேதான் நின்றார், செருப்பு நகரும் சத்தம் கேட்கவில்லை. அவள் இன்னொரு சுற்றுத் திருப்பிப் பூட்டினாள்.