வெட்டப்பட்ட நான்கு நிமிடங்கள்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தெப்ராவில் ஒரு தையல் கடையின் மாடியில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கூடும் திரைப்பட வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவில் பெரிய விருது அறிவிக்கப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை, போட்டியில் நிற்கும் படங்களைப் பற்றி உறுப்பினர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார். அதற்கு முதல் பேச்சு என்று பெயர். ஒன்பது ஆண்டுகளாக அதைப் பேசி வந்தவர் காளிதாஸ்.

சிங்கப்பூரில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். வாரத்தில் ஆறு நாள் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர், ஏழாம் நாளும் படம் பார்ப்பதற்காகவே குடிநுழைவுச் சோதனை வரிசையில் நிற்பார். இங்கே தணிக்கையில் வெட்டுப்பட்டு வரும் படங்கள் அங்கே முழுதாக ஓடும். முழுதாகப் பார்த்தவர் என்பதுதான் வட்டத்தில் அவருக்கு இருந்த மரியாதை.

பொறாமை தொலைவில் இருப்பவர்மேல் வருவதில்லை. குளத்துக் கொக்கு வானத்துப் பருந்தைப் பார்த்து வருந்துவதில்லை. பக்கத்துக் கொக்கின் அலகில் மீன் துள்ளும்போதுதான் தன் வயிறு காலியென்பது அதற்கு நினைவு வருகிறது. காளிதாஸுக்குப் பக்கத்துக் கொக்காக வந்து சேர்ந்தவர் நிர்மலாதேவி. குளுவாங்கிலிருந்து மாற்றலாகி வந்து, ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்பவர். வட்டத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

முதல் பேச்சுக்கு இரண்டு வாரம் இருந்த சனிக்கிழமையன்று, அவரவர் கருத்தைச் சொல்லும் முறை வந்தது. காளிதாஸ் வழக்கம்போல் தொடங்கினார்.

"குதிரைப் படத்துக்குக் கேமராவுக்கு மட்டும் கொடுக்கலாம். மூணு மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் குதிரைதான் நடிக்குது. ராணி படம் உடுப்புக்கு வாங்கிடும், வேற ஒன்னும் வாங்காது. ரோபோ படம் முதல் பாதி சரி. அப்புறம் நம்மள அழ வைக்கணும்னே எழுதியிருக்காங்க."

"நீங்க அழுதீங்களா இல்லையா?" என்றார் ஆசிரியை பிரேமளா.

"ஏர்கோன் குளிர் ஜாஸ்தி. கண்ணுல தண்ணி வந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். காளிதாஸ் நிறைவோடு அமர்ந்தார். பிறகு நிர்மலாதேவி பேசினார்.

"நான் பாத்தது ஒன்னே ஒன்னுதான். அந்தக் கலங்கரை விளக்கப் படம். புருஷன் கடலுக்குப் போயி ஏழு வருஷமாச்சு. ஒரு ராத்திரி கதவு தட்டுற சத்தம். அவ திறக்கிறா. வெளிய ஒரு நிழல். அடுத்த காட்சியில விடிஞ்சிருச்சு, அவ ஜன்னல்கிட்ட தனியா உக்காந்து தலை வாரிக்கிட்டு இருக்கா. வந்தானா, வரலையா? டைரக்டர் சொல்லவே இல்ல. எனக்கு என்னமோ வரலைன்னுதான் படுது. ஏழு வருஷமா தினமும் அவ அந்தக் கதவைத் திறந்திருக்கா. நமக்கு ஒரு நாள்தான் காட்டினாங்க."

சற்று நேரம் எவரும் பேசவில்லை. கீழே தையல் இயந்திரம் ஓடுவது கேட்டது. தம்முடைய ஒன்பது பேச்சுகளில் ஒன்றுக்குக்கூட அந்த அமைதி கிடைத்ததில்லை என்பது காளிதாஸுக்கு உறைத்தது. தமக்குக் கிடைத்தவை சிரிப்பும் கைதட்டலும் மட்டுமே.

வட்டத்தின் தலைவர் கந்தப்பு, ஓய்வுபெற்ற நில அளவையாளர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காளி, இந்த வருஷம் முதல் பேச்சை நிர்மலா பேசட்டுமே. ஒம்பது வருஷமா பேசிட்டீங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க லா."

"தாராளமா பேசட்டும் ஐயா," என்றார் காளிதாஸ். குரல் இனிமையாகவே இருந்தது. "நிர்மலா, படத்த எங்க பாத்தீங்க?"

"இங்கதாண்ணே. ஜேபில, நம்ம டவுன் தியேட்டர்ல."

"அதான். அது டைரக்டர் சொல்லாம விட்டது இல்லம்மா. தணிக்கைல வெட்டினது. முழுசா நாலு நிமிஷம். நான் அங்க பாத்தேன். அவன் உள்ள வரான், ரெண்டு பேரும்…"

"போதும், போதும். புரியுது," என்று கந்தப்பு இருமினார்.

"ஐயோ அலமாக்! அப்போ கத்திரிக்கோலுக்குத்தான் விருது கொடுக்கணுமா?" என்றார் பிரேமளா.

மாடி முழுவதும் சிரிப்பு எழுந்தது. நிர்மலாதேவியும் சிரித்தார், ஆனால் காதுமடல்கள் சிவந்துவிட்டன. கந்தப்பு தயங்கி, "சரி, முழுப் படத்தையும் பாத்தவரே பேசட்டும்," என்று முடித்தார். முதல் பேச்சு காளிதாஸிடமே திரும்பி வந்தது.

கூட்டம் கலைந்தபின், படியடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த காளிதாஸிடம் நிர்மலாதேவி வந்தார்.

"அண்ணே, அங்க அந்தப் படம் இன்னும் ஓடுதா? அந்த நாலு நிமிஷத்தப் பாக்கணும்போல இருக்கு. பாஸ்போர்ட் இருக்கு, ஞாயித்துக்கிழமை லீவுதான்."

குரலில் கசப்பு இல்லை. ஆசைதான் இருந்தது. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைசிக் காட்சி என்பது காளிதாஸுக்குத் தெரியும். பேச்சுக்குக் குறிப்பெடுக்க அவரும் போவதாக இருந்தார். ஆனால் வெட்டுப்பட்டதைப் பார்த்தே அப்படிப் பேசியவர், முழுதையும் பார்த்துவிட்டால் என்னவெல்லாம் சொல்வார் என்று அவர் எண்ணினார்.

"எடுத்துட்டாங்கம்மா. போன வாரமே."

"பரவால்லண்ணே," என்று சொல்லிவிட்டு நிர்மலாதேவி பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

மறுநாள் காளிதாஸ் தனியே பாலத்தைக் கடந்தார். அரங்கில் பத்துப் பேர் இருந்தார்கள். மடியில் தாளும் பேனாவும் வைத்திருந்தார். ஒரு மணி நேரம் படம் ஓடியும் தாளில் ஒரு வரி ஏறவில்லை. எதை எழுத நினைத்தாலும், அது முந்திய நாள் அந்த மாடியில் வேறொருவர் சொல்லிவிட்டதாகவே தோன்றியது.

திரையில் கதவு தட்டப்பட்டது. அவள் எழுந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே நிழல் தெரிந்தது.

காளிதாஸ் கண்களை மூடிக்கொண்டார். நிர்மலாதேவி பார்த்த படத்தை ஒரே ஒருமுறை தாமும் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் காதில் காலடி ஓசை விழுந்தது, நாற்காலி நகர்ந்தது, அவன் மெல்ல அவள் பெயரைச் சொன்னான். காதுகளையும் பொத்திக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணினார். இருநூற்று நாற்பது வந்ததும் கண்ணைத் திறந்தார்.

சன்னலருகே அவள் தனியே தலை வாரிக்கொண்டிருந்தாள். அதே காட்சிதான். ஆனால் அவன் வந்துவிட்டுப் போனது காளிதாஸுக்குத் தெரிந்திருந்தது.