சமத்துப் பொட்டலம்

சிப் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் எல்லாருக்கும் கம்ப்யூட்டரைப் பிரித்து மேயத் தெரியும் என்று தைவானில் இருக்கிற எல்லா அப்பாக்களும் நம்புகிறார்கள். ஹூவெய் ஊர் லியாவும் அப்படித்தான் நம்பினார். மகள் யா-சுன் போனில், "அவர் ஷிஞ்சுவுல சிப் கம்பெனியில இருக்கார்ப்பா" என்று சொன்னதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே தெரு முழுக்க, "என் பொண்ணு கட்டிக்கப்போற பையன் சிப் செய்யறான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

குவான்-யீ சிப் செய்யவில்லை. அவன் இருந்தது பொது நிர்வாகப் பிரிவு. கேன்டீனுக்குக் காகிதக் கைக்குட்டை, தூசி புகாத சுத்த அறைக்குள் போகிறவர்களுக்குச் செருப்பு, குடிநீர் இயந்திரத்துக்கு வடிகட்டி, இவற்றையெல்லாம் வாங்கிப் போடுவது அவன் வேலை.

நடு இலையுதிர் காலப் பண்டிகைக்கு முதல் தடவையாக அந்த வீட்டுக்கு வந்தபோது, கையில் ஒரு பெட்டி நிலாப் பணியாரமும் மனசுக்குள் ஒரு தீர்மானமும் கொண்டுவந்தான். இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ரயிலில் வரும்போது யா-சுன்னிடம் அதை இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்தான்.

"மாமா, நான் வந்து..." என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"வா தம்பி, வா! உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்." லியாவ் பணியாரப் பெட்டியை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். பதிலுக்கு அவன் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்தார்.

லியாவ் சர்க்கரை ஆலையில் கரும்பு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரயிலோடு போட்டி போட்டுக் கத்திய குரல் வீட்டுக்குள்ளும் அப்படியே இருந்தது. அவருடைய பழைய கம்ப்யூட்டருக்குள் போன வாரம் ஒரு பல்லி நுழைந்து, தானும் கருகி அதையும் கருக்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் மூடிப்போன இன்டர்நெட் கடையிலிருந்து வேறொரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். பக்கவாட்டில் சிவப்பும் நீலமுமாக விளக்கெரியும் பெட்டி அது. மேலே ஒரு சாமியை வைத்தால் கோயில் தேர் தோற்றுப்போகும்.

"பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி இதுல மாட்டணும், அவ்வளவுதான். உனக்கு இதெல்லாம் மூக்கு சிந்தற மாதிரி."

"அப்பா, அவர் இன்னும் தண்ணிகூடக் குடிக்கல" என்றாள் யா-சுன்.

"குடிக்கட்டும். குடிச்சுக்கிட்டே மாட்டட்டும்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்தி சாய்ந்ததும் தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் கரி அடுப்பு வைத்து இறைச்சி சுடுவார்கள். கூடவே தெருப் பாட்டுப்போட்டி. வருஷா வருஷம் எதிர்வீட்டு ஹுவாங்தான் ஜெயிப்பார். இந்த வருஷம் லியாவ் தன் குரலுக்குத் தக்கபடி சுருதியை இறக்கி ஒரு பாட்டுக்குப் பின்னணி இசை தயார் பண்ணி வைத்திருந்தார். அது அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது.

"நெட்டுல அந்தப் பாட்டு கிடைக்குமேப்பா."

"நெட்டுல இருக்கறதெல்லாம் ஹுவாங் சுருதி. அதைப் பாடினா எனக்கு உச்சியில காத்து மட்டும்தான் வரும்."

"போன வருஷம் அதுகூட வரல" என்றார் அம்மா சியூ-பெங், பம்பளிமாஸை உரித்துக்கொண்டே.

குவான்-யீ ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினான். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்திருந்தது. கேன்டீன் நாற்காலிகள் கற்றுக்கொடுத்த பாடம். புதுப் பெட்டியில் மாட்டினான். லியாவ் பின்பக்கம் குனிந்து, பழைய பெட்டியில் எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில் எல்லாவற்றையும் சொருகினார். "ரயில் பெட்டி மாதிரிதான் தம்பி. வரிசை மாறினா இன்ஜின் கோவிச்சுக்கும்."

பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது, சிவப்பும் நீலமும் ஓடின. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி ஆங்கிலத்தில் வந்து நின்றது.

"என்ன சொல்லுது?"

"கிளம்பறதுக்கு எதுவும் கிடைக்கலையாம், மாமா."

"முழுசா ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஊட்டி விட்டிருக்கோம், எதுவும் கிடைக்கலையாமா? திமிரு."

குவான்-யீ கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினான். வேறு துளையில் மாட்டினான். ஹார்ட் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டான். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது; ஆனால் லியாவ் மரியாதையோடு மூச்சை அடக்கிக்கொண்டார். மறுபடி பொத்தான். மறுபடி அதே வெள்ளை வரி. வெளியே யாரோ கரி பற்றவைக்கும் வாசனை வந்தது. அதோடு சேர்ந்து ஹுவாங் தொண்டையைச் செருமி ஏழு ஸ்வரத்திலும் ஏறி இறங்கும் சத்தமும் வந்தது.

"கேட்டியா? வேணும்னே ஜன்னலைப் பாத்துப் பண்றான்" என்றார் லியாவ். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல ஆகிவிட்டது. "தம்பி, உன்னால ஆகும்தானே? நான் தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட மோசமான நேரம் கிடைக்காது. குவான்-யீ கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பெனியில் நிஜமாகவே சிப் செய்கிற பொறியாளர் ஃபூவுக்குப் போன் போட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும்?" என்றார் ஃபூ. "நான் சிப்புல ஒரே ஒரு அடுக்கு பாக்கறவன். என் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டா கடைக்குத்தான் தூக்கிட்டு ஓடறேன். அது கிடக்கட்டும், பச்சைப் பொட்டலம் வச்சீங்களா?"

குவான்-யீ நெற்றியில் அறைந்துகொண்டான். யார் மறந்தாலும் அவன் மறக்கலாமா!

தேங்காய் வாசனையோடு மொறுமொறுவென்று இருக்கும் அந்தச் சோளத் தீனியின் பெயருக்கே 'சமத்து சமத்து' என்றுதான் அர்த்தம். பச்சைப் பொட்டலம் பக்கத்தில் இருந்தால் இயந்திரம் சமத்தாக ஓடும் என்பது தைவான் முழுக்க நம்பிக்கை. மஞ்சளோ சிவப்போ வைத்தால் விபரீதம். பிரிக்கக்கூடாது. தேதி தாண்டக்கூடாது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரங்களுக்கு முன்னால் எல்லாம் கம்பெனி அதைத்தான் வைத்திருந்தது. அவற்றை வாங்கி வைத்து, தேதி பார்த்து மாற்றுகிறவன் குவான்-யீயேதான்.

வெளியே வந்தபோது அவன் நடையே மாறியிருந்தது.

"மாமா, இதுக்குப் பொட்டலம் எங்க?"

"வச்சிருக்கேனே!" லியாவ் பழைய பெட்டிமேல் இருந்ததை எடுத்து நீட்டினார். குவான்-யீ அதை வெளிச்சத்தில் பிடித்தான், கவிழ்த்தான், ஒட்டிய விளிம்பைத் தடவினான், ஒரு குலுக்குக் குலுக்கினான்.

"இது தேதி தாண்டி ரெண்டு வருஷம் ஆச்சு. ஜன்னல் வெயில் பட்டு வெளுத்து மஞ்சளாவே ஆயிருச்சு. மாமா, இதை வச்சுக்கிட்டா பழைய பெட்டியை ஓட்டினீங்க?"

"ஐயோ" என்றார் லியாவ், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "அப்ப பல்லி..."

"பல்லி மேல மட்டும் தப்புன்னு சொல்ல முடியாது."

யா-சுன் சிரிப்பை அடக்கப் பம்பளிமாஸ் சுளையை வாய் நிறையப் போட்டுக்கொண்டாள்.

முனைக் கடையிலிருந்து புதுப் பொட்டலம் வந்தது. குவான்-யீ கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தான். கம்பெனி முறைப்படி பொட்டலம் பெட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும், முகம் ஆளைப் பார்க்க வேண்டும். மேஜையோ ஒடுக்கம். பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினான். பின்னால் ஏதோ இடித்தது. கையை விட்டுத் துழாவினால் ஒரு பென் டிரைவ். அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை நன்றாகத் தள்ளி, பொட்டலத்தை நிறுத்தினான். லியாவ் கை கூப்பினார். சியூ-பெங்கும் எதற்கும் இருக்கட்டும் என்று கூப்பினார்.

பொத்தான்.

விசிறி. விளக்கு. கறுப்புத் திரை. பிறகு நீலம், சின்னப் புள்ளிகளின் வட்டம், 'சாதனங்கள் தயாராகின்றன' என்ற எழுத்து. கடைசியில் லியாவ் கரும்பு ரயில்மேல் நின்று சிரிக்கும் படம் திரை முழுக்க மலர்ந்தது.

லியாவ் போட்ட கூச்சலில் ஹுவாங்கின் ஸ்வரம் பாதியில் நின்றது.

"ஏய், என் டான்ஸ் பென் டிரைவ் எங்க?" என்றார் சியூ-பெங் அப்போது. "காலையில பூங்காவுல ஆடற பாட்டெல்லாம் அதுலதான். எப்பவும் ரெண்டாவது துளையில இருக்குமே."

குவான்-யீ பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தான். நிதானமாகப் புரிந்தது. புதுப் பெட்டி ஹார்ட் டிஸ்க்கைத் தேடுவதற்கு முன்னால் பென் டிரைவைத்தான் தேடியிருக்கிறது; உள்ளே கிளம்புவதற்கு ஒன்றும் இல்லை, ஆட்டப் பாட்டுதான். இன்டர்நெட் கடைக்காரன் அப்படிப் பழக்கி வைத்திருப்பான் போல.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்ற தீர்மானம் அவன் தோளைத் தட்டியது.

"மாமா, ரெண்டு விஷயம். கம்ப்யூட்டர் ஓடாததுக்குக் காரணம் இந்தப் பென் டிரைவ்தான். இதைப் பிடுங்கினதும் ஓடிருச்சு. அப்புறம், நான் சிப் செய்யறவன் இல்ல. பொது நிர்வாகத்துல இருக்கேன். செருப்பு வாங்குவேன், காகிதம் வாங்குவேன். இந்தப் பச்சைப் பொட்டலத்தை வாங்கி மெஷின் முன்னாடி வைக்கறதும் நான்தான்."

யா-சுன் மெல்லுவதை நிறுத்தினாள்.

"எல்லா மெஷின்லயும் நீதான் வைக்கறியா?" என்றார் லியாவ் கடைசியில்.

"ஆமா மாமா."

"தேதி பாத்து மாத்தறதும் நீதானா?"

"ஆமா."

லியாவ் மெல்ல எழுந்தார். "அடி யா-சுன், நீ என்னமோ சாதாரணமா சிப் செய்யறவன்னு சொன்னே! இந்தத் தம்பி கையாலதானே அங்க அத்தனை மெஷினும் சமத்தா ஓடுது! செய்யறவன் ஆயிரம் பேர் இருப்பான்."

"மாமா, ஆனா பென் டிரைவ்..."

"அடக்கம்" என்றார் லியாவ் மனைவியைப் பார்த்து. "வேலை தெரிஞ்சவன் இப்படித்தான் பேசுவான்."

அன்று சாயங்காலம் நிலா கரும்புக்காட்டைத் தாண்டி எழும்பி வந்தபோது, லியாவ் இறக்கிய சுருதியில் உச்சிவரை போய்ப் பாடினார். காற்று வரவில்லை, குரல்தான் வந்தது. ஹுவாங் இரண்டாவது. சுட்ட இறைச்சியைத் தூக்கிக் காட்டித் தெருவுக்கே லியாவ் அறிவித்தார்: "பொட்டலம் வைக்கறதுல நாட்டுலயே பெரிய ஆள், நம்ம வீட்டுக்கு வந்திருக்கு!" ஆனால் அவனைக் கூப்பிட்டதென்னவோ தம்பி என்றுதான். ஷிஞ்சு திரும்பும் ரயிலில் குவான்-யீக்கு அது மட்டும் நெருடியது. "பாஸா, ஃபெயிலா?" என்று யா-சுன்னைக் கேட்டான். "அப்பா இன்னும் பேப்பர் திருத்தறார்" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை, அவன் செருப்புக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மறுபடி படுத்துக்கிச்சு! அதே வெள்ளை எழுத்து!"

"மாமா, பின்னாடி பாருங்க. அத்தையோட பென் டிரைவ் இருக்கா?"

"இருக்கு, அது எப்பவும் இருக்கும். விஷயம் அது இல்ல." லியாவின் குரல் துக்க வீட்டுக் குரலாகத் தாழ்ந்தது. "காலையில வாழ்த்துச் சொல்ல வந்தேன்னு ஹுவாங் உள்ள வந்து உக்காந்தான். நான் டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள, தோத்த கடுப்புல பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்னுட்டான்."

குவான்-யீ வாயைத் திறந்தான். பென் டிரைவைப் பிடுங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நீ இந்த ஞாயித்துக்கிழமை வந்துரு" என்றார் லியாவ். "உன் கையால வச்சாத்தான் நிக்கும். உங்க அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வா, அத்தை விருந்து சமைக்கறேங்கறா. பச்சை, ஞாபகம் இருக்கட்டும். ரெண்டா வாங்கிட்டு வா மாப்ள, ஒண்ணு ஹுவாங்குக்கு."

குவான்-யீ திறந்த வாயை மூடிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்துத் தேதி பார்த்தான்.

"சரிங்க மாமா" என்றான். "புதுசாவே கொண்டு வரேன்."