மஞ்சள் சிவப்புத் துண்டு

பல ஆண்டுகள் கலவரச் செய்திகள் எழுதிய மெஹ்னாஸ், இப்போது ஓசூரில் இருந்தபடி, எந்தப் பத்திரிகையையும் சேராத நிருபர்களின் செய்திகளைச் சரிபார்த்து வெளியிட்டு வந்தாள். காவிரித் தகராறில் பேருந்துகள் தமிழக எல்லையான ஜூஜுவாடியோடு நின்றுபோன அன்று, அந்த நிருபர்களில் ஒருவனான சுரேந்தர் எல்லை தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு நடந்தே போய், தலையில் கட்டோடு திரும்பி வந்தான். கல்லடி பட்டதைச் செய்தியிலும் எழுதியிருந்தான்.

கட்டியிருந்த துணி மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் போராட்டக்காரர்கள் தோளில் போட்டிருக்கும் துண்டு அது.

"கல்லு வந்துச்சுன்னு எழுதிட்ட. கட்டு யாரு போட்டதுன்னு காணோமே? நம்மாளுங்க திட்டுவாங்கன்னு பயமா?" என்று கேட்டாள் மெஹ்னாஸ்.

"அட போக்கா! திட்டு எனக்குப் புதுசா? கோஷம் போட்டுக்கிட்டு இருந்த ஒருத்தருதான் ஓடிவந்து கட்டினாரு. கன்னடத்துல திட்டிக்கிட்டே எல்லை வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. அதை எழுதினா அவங்காளுங்களே அவரை உதைப்பாங்க."

அவனைத் தவறாக நினைத்ததற்கு மெஹ்னாஸ் வெட்கப்பட்டாள். ஆனாலும் பாதி உண்மையை வெளியிட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அடையாளம் எதுவும் சொல்லாமல், 'கூட்டத்தில் இருந்த ஒருவரே காயத்துக்குக் கட்டுப் போட்டார்' என்று ஒரு வரி சேர்த்தாள். துண்டைப் பற்றி எழுதவில்லை.

"வெறுந்தோளோட திரும்பிப் போனாரேக்கா. யாராச்சும் கவனிச்சிருந்தா?" என்றான் சுரேந்தர்.

மாலைத் தொழுகையில், பேர் தெரியாத அந்த மனிதருக்காக மெஹ்னாஸ் துஆ கேட்டாள். கூட்டத்தில் யாராவது ஒருவர், எதுவும் கேட்காமல், அவர் தோளில் இன்னொரு துண்டைப் போட்டிருக்க வேண்டும் என்று.