முகர்வதற்கு மட்டும்

என் வீட்டுக்காரர் சாமுக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேனை வெளிச்சத்தில் காட்டி, கல்லீரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது, இனிக் குடித்தால் என்னிடம் வராதீர்கள் என்றார். அன்றோடு சாம் நிறுத்தினார். நான்தான் நம்பவில்லை. சர்ச்சில் ராப்போஜனத்தின்போது இவருக்குத் திராட்சரசம் வேண்டாம், அப்பம் மட்டும் கொடுங்கள் என்று ஆயரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும்.

எல்லாவற்றையும் விட்டவர் ஒன்றை மட்டும் விடவில்லை. அவரோடு வேலை செய்யும் ஜெகதீசனின் நாவலூர் ஃபிளாட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து பேர் கூடுவார்கள். எல்லாம் சிங்கிள் மால்ட் விஸ்கி. ஒன்று ஏர்போர்ட்டில் வாங்கியதாக இருக்கும், ஒன்று பெங்களூரிலிருந்து வந்ததாக இருக்கும். குடிப்பதற்கு இல்லையாம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றிச் சுழற்றுவார்கள், முகர்வார்கள், நாக்கில் வைத்து உருட்டுவார்கள், பிறகு மார்க் போடுவார்கள். சாராயத்துக்குப் பரீட்சை வைக்கிற ஆட்களை அங்கேதான் பார்த்தேன்.

சாமுக்கும் ஒரு கிளாஸ் உண்டு. அவர் முகர்ந்து மட்டும் பார்ப்பார். பிறகு அதை ஜெகதீசன் வாங்கிக்கொள்வார். அந்த ஏற்பாட்டுக்குத்தான் நான் சம்மதித்தேன், அதுவும் நான் கூட வருவேன் என்ற கண்டிஷனில். சர்ச் முடிந்ததும் அதே புடவையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஜெகதீசனின் மனைவி சுஜாதா கதவைத் திறக்கும்போதே, “இன்னாக்கா, டூட்டிக்கு வந்துட்டியா?” என்று சிரிப்பாள்.

மற்றவர்கள் செல்போனைப் பார்த்து வெனிலா, தேன், ஓக் மரம் என்று ஒப்பிப்பார்கள். சாம் அப்படிச் சொல்ல மாட்டார். ஈரச் சாக்கு என்பார். நெம்மேலி ரோட்டில் மழைக்கு முன்னால் அடிக்கும் காற்று என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கஞ்சி குடிக்கிற மனுஷனா இவர் என்று இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த முகத்தை என்றைக்காவது எனக்குக் காட்டியதுண்டா?

போன மாதம் ஸ்காட்லாந்தில் ஏதோ தீவிலிருந்து ஒரு பாட்டில் வந்திருந்தது. கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். மூடியைத் திறந்ததுமே ஹால் முழுக்கப் புகை வாசனை. சாம் கிளாஸை மூக்கில் வைத்தவர் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகக் கிளாஸ் மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கியது.

“யோவ்!” என்று கத்திவிட்டேன். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

சாம் கிளாஸை மேஜையில் வைத்தார். “குடிக்க மாட்டேன் ரூத்து. மூக்குல இவ்ளோ வருது, நாக்குல எப்டி கீதுன்னு தெரியலியே. இவனுங்கள கேட்டா போனைப் பாத்து சொல்றானுங்க. நீ சொன்னா நம்புவேன். ஒரே ஒரு மடக்கு. நீ குடிச்சுட்டு சொல்லேன்.”

“நானா?”

“வுடு மச்சான்,” என்றார் ஜெகதீசன். “அவங்கள போயி இன்னாத்துக்கு?”

நான் அதைத் தொட்டதே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு இதன் ருசி இவருக்குத் தெரியாமல் போனால் அடுத்த மாதமும் அந்தக் கிளாஸ் உதட்டுக்கு இறங்கும். அப்போது நான் சமையலறையில் சுஜாதாவோடு பேசிக்கொண்டிருந்தால்? கர்த்தரே மன்னியும் என்று சொல்லிக்கொண்டு ஒரு மடக்கு எடுத்தேன்.

எரிந்தது. துப்பிவிடலாமா என்று இருந்தது. சகித்துக்கொண்டு விழுங்கினேன். எரிச்சல் அடங்கியதும் நாக்கில் நின்ற ருசி நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் ச்சீ, இந்தக் கருமாந்திரத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொன்னால் நம்புவேன் என்றவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

“நல்லா கீதுய்யா,” என்றேன்.

“எப்டி?”

“மொதல்ல காரம். அப்பால கருவாடு சுட்ட அடுப்புல தண்ணி தெளிச்சா வருமே, அந்தப் பொக.”

“முழுங்கின அப்பால?”

“வெல்லப்பாகு அடி புடிச்சா மாறி ஒரு தித்திப்பு. அது போவவே இல்ல. நெஞ்சுல கீது இன்னும்.”

சாம் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இத்தனை நாளும் அவர் விஷத்தை விட்டார் என்றே நினைத்திருந்தேன். விஷத்தை விடுவதில் என்ன பெருமை என்று ஒரு நல்ல வார்த்தைகூடச் சொன்னதில்லை. மனுஷன் இவ்வளவு நல்ல ஒன்றை விட்டிருக்கிறார், எனக்காகவும் எங்கள் பெண்ணுக்காகவும். அவருக்கு இன்னும் சரியாக, ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் போல இருந்தது.

“இரு, இன்னும் இன்னாமோ ஒண்ணு கீது. புடிபடல,” என்று மறுபடியும் கிளாஸை எடுத்தேன்.

சாம் உள்ளங்கையால் அதன் வாயை மூடினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“வேணாம் ரூத்து,” என்றார். “நானும் அதைத் தேடிகினுதான் இத்தினி வருஷம் குடிச்சேன்.”

கிளாஸைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது அவருக்குத் தெரிந்துவிட்டது.