கண் காட்டப் போன மாட்டுத்தலை வாத்தியார்

என் கணவருக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர் மாட்டுத்தலை. அவராகத் தேடிக்கொண்ட பெயர்தான். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு மாட்டுத்தலையை வரைவார். அதைப் பக்கவாட்டில் சாய்ப்பார். பிறகு தலைகீழாகக் கவிழ்ப்பார். கொம்பு இரண்டும் கால்களாகி, மாடு A ஆகிவிடும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அந்த வருஷத்துக்கு அவருக்கு அது போதும்.

பிள்ளைகளுக்கு வருஷம் முடிந்தால் விடுதலை. நான் எங்கே போக?

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள். கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் வந்தவரிடம் பெயரைக் கேட்டேன். மனுஷன் பெயரைச் சொல்லாமல், பெயர்ப்பலகையில் இருந்த S எழுத்தைக் காட்டி, அது ஆதியில் பல்வரிசையாக இருந்தது என்றார். சொல்லிவிட்டு, "வில்லுன்னும் சிலர் சொல்றாங்க" என்று முனகினார். வலியில் துடிக்கும்போதும் அடிக்குறிப்பு போடுகிற ஆள் வாழ்க்கையில் பொய்யே சொல்ல மாட்டான் என்று நம்பிக் கழுத்தை நீட்டினேன். புத்திசாலிப் பெண் என்று அப்போது எனக்குப் பெயர் வேறு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் சும்மா நடந்ததில்லை. "கதவைச் சாத்துங்க" என்றால் D பிறந்த கதை வரும். "தண்ணி எடுங்க" என்றால் M எப்படி அலையிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தொண்டை நனையும். B வீடு, N பாம்பு, K உள்ளங்கை, R தலை. இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் பாலைவனத்தில் சுரங்கம் தோண்டப் போன கூலிக்காரர்களாக இருக்கலாமாம். ராஜாவின் எழுத்தர்கள் நூற்றுக்கணக்கான படங்களை வைத்துக்கொண்டு மிரட்டிக்கொண்டிருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத இவர்கள் அதில் கொஞ்சத்தைப் பொறுக்கி, 'இந்த மாடு இனி வெறும் சத்தம்' என்று முடிவு பண்ணிவிட்டார்களாம். "படிச்சவனா இருந்தா முதல்ல ஒரு குழு போட்டிருப்பான்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவரை எனக்குப் பிடிக்கும்.

நம்முடைய 'அ' எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசுவார். அந்த விஷயத்தில் அறிஞர்களுக்குள் கைகலப்பே நடந்திருக்கிறதாம். மாடும் பாம்பும் ஒன்றும் செய்யாது. ஆனால் சொந்த எழுத்து கடிக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஓட்டுநர் உரிமம் முடிகிற நேரம் வந்தது. வயதாகிவிட்டதால், கண் பரிசோதகர் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிப்பார்கள். அதே நேரத்தில் எங்கள் மகள் நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவர். நடுக்கடலில் இருந்துகொண்டு போனில் கவலைப்படுவது மட்டும் அவர் பங்கு. வலி வந்தால் மகளை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்ற கேள்வியை நாங்கள் யாரும் எழுப்பவில்லை. அவரே எழுப்பி அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

"நான்தான் ஓட்டுவேன்."

"டாக்சி எதுக்கு இருக்கு?" என்றேன்.

"என் பேரப்பிள்ளை முதல் முதலா ஊரைப் பார்க்கிறது எவனோ ஒருத்தன் வண்டியிலயா?"

பிறந்த குழந்தைக்கு ஊரும் தெரியாது, வண்டியும் தெரியாது, தாத்தாவும் தெரியாது. இதைச் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார். அது நல்லதுதான் என்றாலும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் காரை வாசல் தூணில் இடித்திருந்தார். குற்றம் தூண் மேல். பேப்பரை என்னைப் படித்துக்காட்டச் சொன்னார். குற்றம் அச்சகத்தின் மேல். மை, தாள், கட்டுப்பாடு எல்லாம் கெட்டுப்போய்விட்டதாம். ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு உலகம் இப்படித்தான் கெட்டுப்போகும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வழக்கமாக அவர் கண் காட்டுகிற கடை கடைத்தெருக் கோடியில் இருந்தது. சுவரில் மங்கலான ஒரு பலகை. மேலே பெரிய E. அதன் கீழே F, P. அதற்கும் கீழே T, O, Z. எத்தனையோ வருஷமாக அதே பலகை. இவர் எழுத்தைச் சொல்லாமல் அதன் பூர்வீகத்தைத்தான் சொல்வார்: கை தூக்கிய மனிதன், கொக்கி, வாய், குறி, கண், ஆயுதம். கடைக்காரர் பாதியில் தூங்கிவிட்டு, முடிந்ததும் எழுந்து அதே பவரை எழுதிக்கொடுப்பார். அவர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டதால் புது இடத்துக்குப் போனோம். காரில்தான் போனோம். என் கணவர்தான் ஓட்டினார். சந்திப்பில் விளக்கு சிவப்பாக இருக்கும்போது நான் கத்தியதும், "பார்த்துட்டேன், பார்த்துட்டேன்" என்றார்.

புது இடம் குளுகுளுவென்று இருந்தது. பரிசோதகர் எங்கள் மகள் வயதுப் பெண். பலகைக்குப் பதிலாகச் சுவரில் ஒரு திரை. கையிலிருந்த பொத்தானை அமுக்கினால் எழுத்து வந்தது. இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொல்லிவிட்டு முதல் எழுத்தைப் போட்டாள். பெரிய E.

"ஒரு மனுஷன் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறான்" என்றார் இவர்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"E-யோட பழைய உருவம்மா அது. பயப்படாதே, இது வியாதி இல்ல, வேலை" என்றேன்.

இவர் விளக்கினார். அவளுக்கு ஒரே ஆச்சரியம். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இவ்வளவு பொறுமையா என்று எனக்கு அதைவிட ஆச்சரியம். "சூப்பர் சார்! அடுத்த வரி சொல்லுங்க" என்று பொத்தானை அமுக்கினாள்.

"முதல்ல கொக்கி. பக்கத்துல வாய்."

"செம சார்!"

நான் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில் H, N என்று இருந்தது.

H வேலி. N பாம்பு. காதில் ரத்தம் வரும்வரை கேட்டவள் நான், எனக்குத் தெரியாதா? முதலில் என்ன நினைத்தேன் என்றால், நேற்று ராத்திரியோடு ஆராய்ச்சி மாறியிருக்கும் என்றுதான். மூவாயிரம் வருஷமாக வேலியாக இருந்தது இன்று காலை கொக்கியாக ஆகக்கூடாதா? அறிஞர்கள் நினைத்தால் எதுவும் நடக்கும்.

அவள் அடுத்த வரியைப் போட்டாள். K, R, M.

"குறி. கண். ஆயுதம்" என்றார், கொஞ்சமும் தடுமாறாமல்.

உள்ளங்கை, தலை, தண்ணீர் என்று வரவேண்டிய இடம். இவர் இந்தத் திரையைப் படிக்கவில்லை. கடைத்தெருக் கோடியில் மூடிப்போன கடையின் பலகையை ஒப்பித்துக்கொண்டிருந்தார். F, P என்று எழுத்தாகச் சொல்லியிருந்தால் அந்த நொடியே மாட்டியிருப்பார். கொக்கி, வாய் என்றதால் தப்பித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் இவரைப் பிடிக்கக்கூடிய ஆள் ஒருத்திதான். அவள் கைப்பையோடு பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் மகிழ்ச்சியாகத் தாளை எடுத்தாள். "இந்த வயசுல இப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்ல சார்." பேனா மூடியைத் திறந்துவிட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முதல் வகுப்பில் மாட்டைக் கவிழ்த்துவிட்டு நிற்பாரே, அந்த முகம். ஆனால் எனக்கு அந்த முகம் தெரியவில்லை. காரின் பின் சீட்டில் வலியோடு சாய்ந்திருக்கும் என் மகள் தெரிந்தாள். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தது.

"கையெழுத்துப் போடாதேம்மா" என்றேன். "அவரை எழுத்தோட பேரைச் சொல்லச் சொல்லு."

"பேரெல்லாம் பின்னாடி வந்தது. படம்தான் முன்னாடி" என்றார் இவர், அவசரமாக.

"சரி, படமே சொல்லுங்க. மேல் வரியில ரெண்டு எழுத்து இருந்துச்சு. வேலி, பாம்பு. நீங்க என்ன சொன்னீங்க? இப்ப இருக்கிறது உள்ளங்கை, தலை, தண்ணி. இதுல ஆயுதம் எங்கேங்க வந்துச்சு?"

அந்தப் பெண் பேனாவை மூடினாள். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ கேட்டுட்டுத்தான் இருந்தியா?" என்றார். "இத்தனை வருஷமும்?"

"வேற என்ன பண்ண? காதுக்குக் கதவா இருக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. மாட்டிக்கொண்ட ஆள் சந்தோஷப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு பழக்கதோஷத்தில், "H வேலின்னு அடிச்சுச் சொல்ல முடியாது. முற்றம்னும் சொல்றாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நடுவுல ஒண்ணும் இல்ல. ஓரம் மட்டும் தெரியுது. O எப்படி வந்துச்சு? கண்ணுதானே? முதல்ல வரைஞ்சவன் நடுவுல ஒரு புள்ளி வச்சான். அப்புறம் வந்த சோம்பேறி புள்ளியை விட்டுட்டான். எனக்கும் அந்தப் புள்ளிதான் போச்சு."

கண் போவதைக்கூட இந்த மனுஷனால் பாடம் நடத்தாமல் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. பாவம் என்பதை வெளியே காட்டிப் பழக்கம் இல்லாததால் கோபத்தைக் காட்டினேன்.

"எந்தத் தைரியத்துல என்னை உக்கார வச்சு ஓட்டிட்டு வந்தீங்க?"

"வழி மனப்பாடம்."

"வழி மனப்பாடம். குறுக்கே வர்ற ஆளும் மனப்பாடமா?"

அவர் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றவேண்டும் அல்லவா? தோன்றவில்லை.

அந்தப் பெண் விளக்கைப் பிடித்து இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தாள். வயதானால் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி இப்படிக் கெடுமாம். பெரிய டாக்டரிடம் காட்டினால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வழி இருக்கலாமாம். "வண்டி மட்டும் இனிமே வேண்டாம் சார்" என்றாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "எதைப் பார்க்கணுமோ அதை நேரா பார்க்காதீங்க. அதுக்குக் கொஞ்சம் பக்கத்துல பாருங்க. ஓரத்துல தெரியும்" என்றாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் திரும்பினோம். மகளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே சொல்லிவிட்டார். "உன்னை ஆஸ்பத்திரிக்கு என்னால கூட்டிட்டுப் போக முடியாதுடா."

மகள் அவரைப் பார்த்தாள். "போன வாரமே ஒரு டாக்சிக்காரர்கிட்ட பேசி வச்சுட்டேன்பா. பகலோ ராத்திரியோ, கூப்பிட்டா வருவார். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

ஆக, வீட்டில் மூன்று பேர். ஒருவருக்குக் கண் தெரியவில்லை. ஒருத்தி அதைத் தெரிந்துகொண்டு வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஆள் தூணைத் திட்டிக்கொண்டிருந்தவரோடு சேர்ந்து அச்சகத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். நல்ல குடும்பம்.

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"என்கூட பின் சீட்டுல உக்காருங்க. பயமா இருக்குப்பா" என்றாள் மகள்.

அப்படித்தான் போனோம். நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். வலி வரும்போதெல்லாம் மகள் அவர் கையை நெரித்தாள். அவர் ஒரு எழுத்தைப் பற்றியும் பேசவில்லை. டாக்சிக்காரர் எல்லா சிவப்பு விளக்கிலும் நின்றார்.

பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மாள், விஷயம் எதுவும் தெரியாமல் அவசரமாக வந்து சேர்ந்தார். குழந்தையை எல்லோருக்கும் முன்னால் தான் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் தானே காட்டினார். இவரிடம் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டினார். இவர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

சம்பந்தியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. என்னைத் தனியாக இழுத்துப்போய், அறை முழுக்கக் கேட்கும்படி ரகசியம் பேசினார். "என்ன சம்பந்தி, உங்க வீட்டுக்காரர் பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேங்கிறாரே? பையனா இருக்கும்னு எதிர்பார்த்தாரோ?"

மகள் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள். அவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை ஒரு துளி இப்படியும் ஒரு துளி அப்படியும் நகர்த்தி, மூச்சுக்கூட விடாமல் நின்றார்.

"பார்த்துட்டுத்தான் இருக்கார் சம்பந்தி" என்றேன். "கொஞ்சம் இருங்க."

கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"மூக்கு அப்படியே இவ மூக்கு" என்று என்னைக் கைகாட்டினார். "பாவம். வளர வளர சரியாப் போயிடும்."

மகள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். நான் அவரைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.