பொருத்தது போதும்

வாசகர் கடிதங்களில் நான்காவதையும் திருத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். நாலு பெயர், நாலு தெரு. எல்லோரும் நகராட்சித் தலைவரை வானளாவப் புகழ்ந்து, தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கும் நர்ஸை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார்கள். முடிவில் நாலு பேருமே "பொருத்தது போதும்" என்று பொங்கியிருந்தார்கள். எதைப் பொருத்தினார்களாம், குழாயையா? பொறுமைக்கு வல்லின ற என்றுகூடத் தெரியாத நாலு பேர் ஒரே வாரத்தில் முளைப்பார்களா? பிழை திருத்துவது என் பிழைப்பு. ஆனால் நான் திருத்தத் திருத்த, ஒரு ஆள் நாலு ஆளாகிக்கொண்டிருந்தான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"இது கடிதமா சார், தேர்தல் நோட்டீஸா?"

"வாசகர் கருத்தும்மா," என்றார் ஆசிரியர். "வேணும்னா நீயும் ஒண்ணு எழுது. போடறேன்."

அரை மணியில் எழுதிக் கொடுத்தேன். நாலு பிழைகளையும் அப்படியே மேற்கோளில் காட்டி, எல்லாம் ஒரே கை என்று சொல்லி, அடியில் என் பெயர். இருப்புக்கொள்ளாமல் சன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். அப்போதுதான் கணவரிடமிருந்து செய்தி வந்தது: "கூட்டம் முடியல. லேட்டாகும், பொருத்துக்கோ."

பதினோரு வருடமாகக் கேலி செய்து அலுத்துப்போன பிழை. வீட்டுப் பிழை என்பதால் கண்ணில் படாமல் போயிருக்கிறது. மாடிப்படிக்குப் போய் அழைத்தேன்.

"அந்த நாலும் நீங்களா?"

"ஆறு. இன்னும் ரெண்டு இருக்கு, நாளைக்கு வரும்." குரலில் கூச்சமே இல்லை. "நகராட்சியில எட்டு வருஷமா தற்காலிகம். தலைவர் கையெழுத்து போட்டாத்தான் வேலை நிரந்தரமாகும். ஆனா நான்தான்னு வெளிய தெரிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும். ஒரு வாரம் பொறுத்துக்கோயேன்."

எந்த எழுத்தில் சொன்னார் என்று காதுக்குத் தெரியவில்லை. அழுகையாக வந்தது.

திரும்பி வந்தால், நாங்கள் 'அவசரம்' என்று கூப்பிடும் பக்க வடிவமைப்பாளர் தாளோடு நின்றார். "என்னக்கா, உங்க கடிதத்துலயே நாலு பிழை! நானே சரி பண்ணிட்டேன். பார்த்துக் குடுங்க, பக்கம் போகணும்."

நாலு இடத்திலும் 'பொறுத்தது' சுத்தமாக உட்கார்ந்திருந்தது. இல்லாத பிழைக்கு நான் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். இப்படியே போனால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும், கணவரின் வேலை தப்பிக்கும், அந்த நர்ஸ் இன்னும் இரண்டு கடிதம் வாங்கிக்கட்டிக்கொள்வாள்.

"அக்கா?"

பேனா முதல் 'று'வின் மேல் போய் நின்றது. நான் அதை அடித்து 'ரு' ஆக்கவும் இல்லை, பேனாவை எடுக்கவும் இல்லை. சிவப்பு மை தாளில் ஊறிப் பக்கத்து எழுத்தைத் தொட்டது.